அமாவாசையில் ஓடிய தறி

அத்தியாயம் ஏழு

துப்பறியும் கோதண்டபாணி அன்று காலை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் தலையைக் குனிந்தபடி நடந்தார். தரையில் தடயம் தேடுகிறார் என்று யாராவது நினைத்தால் அது அவருடைய பெயருக்கு நல்லது. உண்மை அதுவல்ல. நிமிர்ந்தால் யார் கண்ணையாவது பார்க்க வேண்டிவரும். அதற்கு அவருக்குத் தைரியமில்லை.

முந்தின நாள் மாலை அவர் ரேடியோ ரிப்பேர் தர்மனின் வீட்டைச் சோதனை போட்டிருந்தார். போலீஸ்கூட வாரண்ட், சாட்சி என்று கொஞ்சம் மரியாதை பார்க்கும். இவர் அது எதுவும் இல்லாமல், புகார் கொடுத்த கலியாணசுந்தரம் சொன்னார் என்ற ஒரே பலத்தில் உள்ளே நுழைந்தார். அரிசிப் பானைக்குள் கையை விட்டார். தர்மன் மனைவி பூவம்மாளின் டிரங்குப் பெட்டியை வாசலுக்கு இழுத்து வந்து, அவள் துணிகளைத் தெருவே பார்க்க உதறிப் போட்டார். கிடைத்தது ஒன்றுமில்லை. பூவம்மாள் அழவில்லை, திட்டவில்லை. உதறிய துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள். தர்மன் சுவரைப் பார்த்தபடி, "நான் எடுக்கலை சார்" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் கோதண்டபாணி ராத்திரி தூங்கியிருப்பார்.

"சார், இப்பிடியே குனிஞ்சிக்கினு நடந்தா கூன் விழுந்துரும். அப்புறம் மாறுவேஷத்துக்குத் தனியா மெனக்கெட வேணாம்" என்றாள் அம்சா.

"சிரிப்பு வரலை அம்சா."

"எனக்கும் வரலை சார். வாய் பழகிப்போச்சு."

அம்சா அவருடைய உதவியாளர். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவள். மதராஸுக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய், கோதண்டபாணி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, டைப் அடிக்க அங்கே எதுவும் இல்லாததால் துப்பறிய ஆரம்பித்தவள். இந்த வழக்கைப் பிடித்து வந்ததே அவள்தான். அதனால் அவமானத்தில் பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு கூட நடந்தாள்.

வழக்கு என்று பெருமையாகச் சொல்கிறோமே தவிர, காணாமல் போனது ஒரு டேப். எழுபத்திரண்டாம் வருஷம் அது. ஊரில் டேப் ரிக்கார்டர் இருந்த வீடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று கலியாணசுந்தரத்தின் வீடு. பட்டு நெசவுக் குடும்பம். மனிதர் கோயிலில் பதிகம் பாடினால் கர்ப்பூரத் தட்டோடு வரும் குருக்களே ஒரு நிமிஷம் நின்று கேட்பார். மதராஸ் ரெக்கார்டு கம்பெனி ஒன்று, 'குரலை டேப்பில் பதிந்து அனுப்புங்கள், சுத்தமாக இருந்தால் இசைத்தட்டு போடலாம்' என்று சொல்லியனுப்பியது. ஸ்டுடியோ வாடகையைக் கேட்டதும் கலியாணசுந்தரத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. 'வீட்டிலேயே எடுத்தா என்ன?' என்றார். தர்மன் சரி என்றான்.

மூர் மார்க்கெட்டில் யாரோ தலைமுழுகிய, டேப்பை ஸ்பூல் சக்கரத்தில் சுற்றி ஓட்டுகிற மெஷின் ஒன்று வந்தது. மைக், கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடுகிறவனிடம் இரவல். நூல் வைக்கும் உள்ளறையைக் காலி செய்து, தெருவில் உள்ள மெத்தைகளையெல்லாம் கேட்டு வாங்கி நான்கு சுவரிலும் சாத்தினான் தர்மன். ஜன்னலைக் கழிவுப் பட்டு அடைத்த மூட்டையால் மூடினான். பாடும்போது 'ப' வந்து மைக்கில் வெடிக்காமல் இருக்க, மைக்குக்குக் கைக்குட்டை கட்டி, வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கமாகத் தொங்கவிட்டான். மெஷின் இரைச்சல் பாட்டில் விழக்கூடாது என்று அதைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய், கதவுக்கு அடியில் வயரை விட்டு, பழைய மிலிட்டரி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

எல்லாம் சரி, தெரு முழுக்கத் தறி ஓடுமே? அதற்கும் வழி இருந்தது. அமாவாசையன்று அந்தத் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். போன அமாவாசைப் பகலில் பாட்டு பதிவாயிற்று. ஊரே வந்து கேட்டு, 'மூச்சு விடறதுகூட தெரியுதுப்பா' என்று வாயைப் பிளந்தது.

அப்புறம் ஒரு நாள் கலியாணசுந்தரம் டேப்பைப் போட்டார். பாட்டு இல்லை. ஆரம்பத்தில் இல்லை, நடுவில் போட்டுப் பார்த்தார், அங்கேயும் இல்லை. அதற்குமேல் அவருக்குப் பொறுமை இல்லை. 'யாரோ ஸ்பூலைத் திருடிக்கினு காலி ஸ்பூலை வச்சிட்டான்' என்று தெருவில் வந்து கத்தினார். காலி ஸ்பூல் யாரிடம் இருக்கும்? தர்மனிடம். பாட்டு பதிந்த நாளிலிருந்து, 'கடைசியில ஒரு இருமல் விழுந்திருக்குது, வீட்டுக்கு எடுத்துக்கினு போய் வெட்டி ஒட்டித் தர்றேன்' என்று ஸ்பூலைக் கேட்டு நச்சரித்தவன் யார்? அதுவும் தர்மன். தெரு தீர்ப்பு எழுதிவிட்டது.

இன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் தெருக் கூட்டம். தெருப் பெரியவர் நமச்சிவாயம் நடத்துகிறார். தர்மன் ஸ்பூலைத் திருப்பித் தராவிட்டால் போலீசில் ஒப்படைப்பது, இனி எந்த வீட்டு வாசலிலும் அவனை ஏற்றுவதில்லை என்று பேச்சு. ரேடியோ ரிப்பேர்காரனைத் திருடன் என்று வீட்டுக்குள் விடாவிட்டால் அவன் எதை ரிப்பேர் செய்து பிழைப்பான்?

கலியாணசுந்தரம் வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். சர்வதீர்த்தக் குளத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், அந்தத் திருட்டுப்பய ஒத்துக்கினானா? இன்னிக்கு அமாவாசை. தறி இல்லை. திரும்பவும் பாடிடலாம்னா மெஷினை ஓட்ட ஆள் இல்லையே எனக்கு!"

"நீங்க குளத்துக்குப் போயிட்டு வாங்க. அந்தக் காலி ஸ்பூலை இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கிறேன்."

"காலி ஸ்பூல்ல இன்னா சார் கேக்கப்போறீங்க? நேத்துதான் கேட்டோமே!"

அது நியாயமான கேள்வி. தர்மன் வீட்டுப் பக்கம் போக முடியாததால் இங்கே வந்தோம் என்று எப்படிச் சொல்வது?

உள்ளறை பதிவு நாளன்று இருந்தபடியே இருந்தது. மெத்தைகளை இன்னும் யாருக்கும் திருப்பித் தரவில்லை. மைக் அதே இடத்தில் தொங்கியது. மெஷினை மட்டும் பக்கத்து அறையிலிருந்து கொண்டுவந்து ஒரு முக்காலியில் வைத்திருந்தார்கள்.

"ஊர்ல பாதி பேரு ஒரு மாசமா தரையில படுக்கறாங்க சார்" என்றாள் அம்சா. "திருட்டுன்னா இதுதான் திருட்டு."

கோதண்டபாணி பொத்தானை அழுத்தினார். சக்கரம் சுழன்றது. கொஞ்சம் இரைச்சல். பிறகு:

டக்... டட்டக்... டக்... டட்டக்...

அம்சா விருட்டென்று எழுந்தாள். "அமாவாசையும் அதுவுமா எவன் சார் தறி போடறவன்? பெரியவர் காதுல விழுந்தா தொலைஞ்சான்!" என்று வாசலுக்கு ஓடினாள். தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "ஒரு தறியும் ஓடலை சார். சத்தம் மட்டும் வருது. பேய் கீய் நெய்யுதா?"

கோதண்டபாணி பொத்தானைத் தட்டினார். தறி நின்றது. மறுபடி தட்டினார். தறி ஓடியது.

அம்சா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நேத்தும் இதையேதானே சார் கேட்டோம்? ஒண்ணுமே இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்களே?"

"நேத்து தெரு முழுக்கத் தறி ஓடிட்டிருந்தது. டேப்புக்குள்ள ஓடின தறியும் அதோட சேர்ந்துபோச்சு. இன்னைக்கு வெளியில சத்தமில்லை, உள்ள இருக்கிறது கேட்குது." கோதண்டபாணிக்கு நேற்று மாலையிலிருந்து முதல் தடவையாக முதுகு நிமிர்ந்தது. "கடையில வாங்கின காலி ஸ்பூல்ல தறி ஓடாது அம்சா. இதை யாரும் மாத்தலை. இது அதே ஸ்பூல். யாரோ பதிவு பண்ற அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திட்டு, வாயை மூடிட்டு இருந்திருக்காங்க. மெஷின் பழைய பாட்டை அழிச்சிட்டு, அப்போ மைக்கில என்ன விழுந்ததோ அதைப் பதிஞ்சு வச்சிருக்கு."

"வாயை மூடினா போதும்னு நெனைச்சிக்கினாங்க. தறி ஓடறதை மறந்துட்டாங்க."

"மறக்கலை. அது அவங்க காதுலயே விழலை. நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தலைவலி மாத்திரை போடறேன். எனக்கு மறக்குமா? பிறந்ததிலிருந்து இதைக் கேட்கிறவங்களுக்குத்தான் இது சத்தமே இல்லை."

"அப்ப நாம தேடற ஆளு உள்ளூர். ஊர்ல பாதி பேரைப் புடிச்சி உள்ள போட்டுடலாம் சார்."

"அவ்வளவு சிரமம் வேண்டாம். ஆரம்பத்திலிருந்து போடறேன். உன் காதுதான் பொம்பளைக் காது. கேளு."

ஸ்பூலைப் பின்னுக்கு ஓட்டிவிட்டு மறுபடி போட்டார். 'டொக்' என்று பொத்தான் விழும் சத்தம். தூரத்தில் தெருத் தறிகள். கிட்டத்தில் 'கிண்ங், கிண்ங்' என்று ஏதோ சிமெண்டுத் தரையில் தட்டிக்கொண்டு விலகிப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தறி ஓட ஆரம்பித்தது. தூரத்துத் தறி இல்லை. வீட்டுக்குள்ளேயே ஓடும் தறி.

"மெட்டி" என்றாள் அம்சா. அவள் குரலில் கிண்டல் காணாமல் போயிருந்தது. "மெஷினைப் போட்டுட்டு நடந்து போய்த் தறியில உக்காந்திருக்கா. தறி நின்னா அக்கம்பக்கத்துல இன்னான்னு கேப்பாங்களே, அதுக்கு."

டேப்பில் ஓடிய தறி ஒரு நொடி தடுமாறியது. அடக்கி அடக்கி இருமுகிற ஒரு பெண்ணின் சத்தம். மறுபடி தறி.

"இந்த வீட்டுத் தறியில யார் உட்காருவாங்க?" என்று கேட்டார் கோதண்டபாணி.

கேட்டிருக்கவே வேண்டாம். நூல் தூசி தொண்டைக்கு ஆகாது என்று கலியாணசுந்தரம் தறியை விட்டு எழுந்து வருஷக்கணக்காகிறது. மெஷின் சத்தத்தில் அவர்கள் கவனிக்கவில்லை. வாசல்படியில் மோர் டம்ளரோடு கலியாணசுந்தரத்தின் மனைவி காமாட்சியம்மாள் நின்றிருந்தாள்.

"நான்தான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்றாள் மெதுவாக.

"பேசலைம்மா. தறிச் சத்தம் பதிஞ்சிருக்கு."

"அதெல்லாம் ஒரு சத்தமா?"

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தி இருமினாள். டேப்பில் கேட்ட அதே இருமல்.

கோதண்டபாணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குற்றவாளி கிடைத்துவிட்டால் காரணத்தையும் தானே சொல்லிவிடுவார். "நீங்க தறியில கிடந்து உழைக்கிறீங்க. அவர் மட்டும் பேர் வாங்கறார். அது பொறுக்கலை, இல்லையா?"

"ஆமா" என்றாள் காமாட்சியம்மாள், யாரோ தண்ணீர் நீட்டியதுபோல அவசரமாக வாங்கிக்கொண்டு. "அப்பிடியே வச்சிக்குங்க. பொறாமைதான். சாயங்காலம் நானே வந்து சொல்லிடறேன். தர்மனை விட்டுடச் சொல்லுங்க. ஊரே அவனைச் சொல்லச்சொல்ல என் நாக்கு எழலை. அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது."

கோதண்டபாணி துண்டை உதறித் தோளில் போட்டார். அம்சா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், கேஸ் முடியலை. பொறாமைப்படறவ இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்க மாட்டா. நான் ரெண்டு நாத்தனாரோட குடித்தனம் பண்ணவ, எனக்குத் தெரியும். தர்மன் ஏன் ஸ்பூலைக் கேட்டுக்கினே இருந்தாரு?"

"கடைசி இருமலை வெட்டறதுக்கு."

"அதை இங்கயே வெட்டலாமே? 'இங்க வச்சி வெட்டு'ன்னு கலியாணசுந்தரமும் சொல்லியிருக்காரு. வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் வெட்டுவேன்னு எதுக்கு அடம்? வெட்டணும்னா போட்டுக் கேக்கணும். இந்த வீட்டுல போட்டுக் கேக்கக்கூடாதது ஏதோ அந்த டேப்போட வால்ல இருக்குது சார்."

"அதெல்லாம் அழிஞ்சிருச்சு!" என்றாள் காமாட்சியம்மாள். குரல் உயர்ந்துவிட்டது.

"கடைசி வரைக்கும் ஓடவிட்டீங்களா?"

"ரொம்ப நேரம் ஓடிச்சு. அவரு செருப்புச் சத்தம் கேட்டுது. ஓடியாந்து நிறுத்திட்டேன். எல்லாம் போயிருக்கும். போயிருக்கும்ல?"

கோதண்டபாணி நாடாவை முன்னுக்கு ஓட்டிக்கொண்டு போய், இடது சக்கரத்தில் கொஞ்சமே மிச்சம் இருக்கும்போது நிறுத்திப் பொத்தானை அழுத்தினார். தறி ஓடியது. சட்டென்று நின்றது. மெட்டிகள் தரையில் தடதடவென்று ஓடிவந்தன. டொக்.

பாட்டு வந்தது.

கடைசிப் பதிகத்தின் பின்பாதி. கோதண்டபாணிக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் அவருக்குக் கையில் மயிர் நின்றது. மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பாடுவதுபோல இருந்தது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு மூச்சை எடுப்பதுகூடக் கேட்டது. இரவல் மைக்கும், ஓட்டை மெஷினும், ஊரார் மெத்தையும் வைத்து அந்தத் தர்மன் இப்படி ஒன்றைச் செய்திருக்கிறான். அவன் வீட்டு அரிசிப் பானைக்குள் நான் கையை விட்டேன் என்று கோதண்டபாணி நினைத்துக்கொண்டார்.

வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். ஈர வேட்டியோடு கலியாணசுந்தரம் ஓடிவந்தார். முகமெல்லாம் பல்.

"கெடைச்சிருச்சா? என் பாட்டுதானே அது? தெருமுனை வரைக்கும் கேக்குது சார்!"

"நிறுத்துங்க சார்" என்றாள் காமாட்சியம்மாள்.

"யாரும் பேசாதீங்க!" கலியாணசுந்தரம் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரி இழைந்து இழைந்து வந்து நின்றது. பாட்டு முழுசாக முடிந்தது. அதற்கப்புறம்தான் கதவுக்கு வெளியேயிருந்து அந்த இருமல் வந்தது. பாட்டு முடிகிறவரை அடக்கி வைத்திருந்த இருமல்.

எப்போதும் கலியாணசுந்தரம் டேப்பை நிறுத்துகிற இடம் அதுதான். இன்றைக்கு மெஷின் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. டேப் மேலே ஓடியது.

கதவு தடாலென்று திறக்கிற சத்தம். பிறகு அவர் குரல். "சனியனே! ஒரு பாட்டு முடியிற வரைக்கும் அடக்க முடியாதா உன்னால? செத்தாவது தொலையேண்டி!"

பளாரென்று ஓர் அறை.

அந்த டேப்பிலேயே மிகச் சுத்தமாகப் பதிவாகியிருந்தது அதுதான். யாருடைய கை, யாருடைய கன்னம் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சின்னச் சத்தம். அடுத்த இருமலை அவள் விழுங்குகிற சத்தம். அப்புறம் டொக். பக்கத்து அறையில் தர்மன் மெஷினை நிறுத்தியிருக்கிறான்.

"அது போவலையா?" காமாட்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பாட்டெல்லாம் போயி அது மட்டும் நின்னுச்சா?"

கலியாணசுந்தரம் கண்ணைத் திறக்கவில்லை. "அது என் குரல் இல்லை" என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுக்காததால் அவரே திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.

"ஒருநாள் நீங்க பாட்டுப் போட்டுட்டு அசந்து தூங்கிட்டீங்க" என்றாள் காமாட்சியம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அது பாட்டுக்கு ஓடிச்சு. தறியில இருந்தேன். உங்க குரல் கேட்டுது, திரும்பவும் அடிக்க வர்றீங்கன்னு எழுந்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சிது, மெஷின்னு. மறுநாளு நீங்க கோயில் மைக் செட்ல போடப்போறேன், மதராசுக்கு அனுப்பப்போறேன்னீங்க. நாலு பேரு கேப்பாங்களே. உங்க மானமும் போயி என் மானமும் போவுமே. தர்மன் அழுத்தினதைப் பாத்திருந்தேன், அந்தச் சிவப்புப் பொத்தானை நானே அழுத்திட்டேன்."

வாய் ஓயாமல் பேசுகிற அம்சா ஜன்னலில் இருந்த பட்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோதண்டபாணிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இவளைப் பார்த்துத்தான் பொறாமைக்காரி என்றார், கொஞ்ச நேரம் முன்பு.

"தர்மன் இதைக் கேட்டுக்கினா இருந்தான்?" என்றார் கலியாணசுந்தரம்.

"ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்" என்றார் கோதண்டபாணி.

"அப்ப ஏன் சொல்லலை? திருடன்னு நான் கூப்பிட்டப்பகூடச் சொல்லலையே!"

"எதைச் சொல்லுவான்?" என்றாள் காமாட்சியம்மாள்.

கலியாணசுந்தரம் ஈர வேட்டியோடு மெத்தையில் சாய்ந்தார். "மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம் சார்" என்றார்.

"மெஷினைப் பார்த்துக்கிட்டது யார்?"

"தர்மன்."

"கைமறதியா நீங்களே அழிச்சிட்டதாச் சொன்னா?"

"எனக்கு அந்தச் சிவப்புப் பொத்தானே தெரியாது. அது தெருவுக்கே தெரியும். தர்மனைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னுதான் நெனைப்பாங்க." எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது சுற்றி வந்து தர்மன் தலையிலேயே விழுந்தது. கலியாணசுந்தரத்துக்கும் அது தெரிந்துவிட்டது. "நான் இன்னா செய்யட்டும் காமாட்சி?" என்றார்.

அவர் மனைவியிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலம் ஆகியிருக்குமோ. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மெஷினை மட்டும் அங்க எடுத்துக்கினு வராதீங்க. சொல்றதை வாயால சொல்லுங்க."

சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் தெருவே கூடியிருந்தது. அமாவாசை ஆனதால் யாருக்கும் வேலை இல்லை. நமச்சிவாயம் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தர்மன் ஒதுங்கித் தரையில் உட்கார்ந்திருந்தான். பூவம்மாள் பெண்கள் பக்கம் வரவில்லை; அவனுக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தாள்.

முதலில் கோதண்டபாணி எழுந்தார். "ஸ்பூலை யாரும் திருடலை. தர்மன் வீட்டைச் சோதனை போட்டது என் தப்பு. விசாரிக்காம செஞ்சேன். அந்த அம்மாவோட பெட்டியைத் தெருவுல கொட்டினேன். அதே தெருவுல மன்னிப்புக் கேட்கிறேன்" என்று கைகூப்பினார். பூவம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை அவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"திருடலைன்னா பாட்டு எங்க?" என்றார் நமச்சிவாயம்.

கலியாணசுந்தரம் எழுந்தார். நாலாயிரம் பேர் கூடிய திருவிழாவில் மைக் இல்லாமல் பாடிய மனிதர். இப்போது முன்வரிசைக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லுப்பா."

"பாட்டு முடிஞ்சதும் காமாட்சி இருமினா. நான் அவளைக் கை நீட்டி அடிச்சேன். வாயில வரக்கூடாததைச் சொன்னேன். அது டேப்புல விழுந்துடுச்சு. ஊர் கேக்கக்கூடாதுன்னு அவ அழிச்சா. தர்மனுக்கு இது தெரியும். தெரிஞ்சும் எங்க மானத்துக்காக வாயைத் தொறக்காம திருடன் பட்டம் வாங்கிக்கினான். தர்மா, உன் கால்ல விழுந்தாலும் தகும்."

அவர் குனியப் போனார். தர்மன் எழுந்து பின்னால் நகர்ந்துகொண்டான்.

"வேணாம்ணே. என்னைப் பெரிய மனுஷன் ஆக்காதீங்க. அன்னிக்கு நான் எல்லாத்தையும் காதுல மாட்டிக்கினு கேட்டுக்கினு இருந்தேன். எழுந்து வந்து உங்க கையைப் புடிக்கலை. மெஷினைத்தான் நிறுத்தினேன். அண்ணி மூஞ்சியைப் பாக்க முடியாமத்தான் இத்தினி நாளா பேசாம இருந்தேன்."

கூட்டத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். நமச்சிவாயம் இரண்டு கையையும் தட்டி, விஷயத்தை முடித்துவைக்கிற குரலில் பேசினார்.

"சரி சரி. தர்மன் மேல தப்பில்லை, அது ஆச்சு. மத்ததெல்லாம் புருஷன் பொண்டாட்டி சமாசாரம். ஏதோ பாட்டு கெட்டுப்போச்சேன்ற கோவம். ஒருநாளு கை நீண்டுடுச்சு. அதை இங்க கூட்டத்துல பேசி இன்னா ஆவப்போவுது?"

"ஒருநாளா மாமா?"

கேட்டது காமாட்சியம்மாள். பெண்கள் பக்கத்திலிருந்து முன்னால் வந்து நின்றிருந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"உங்களுக்குக் கேட்டது ஒருநாளுதானா?"

நமச்சிவாயம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக்கும் கலியாணசுந்தரம் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.